பழைய வீவக உயர்மாடிகள்: உதிரும் உட்கூரை, மேல்வீட்டுக் கசிவு, விரிசல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களில் தொடங்கி 1970கள் வரை சிங்கப்பூரில் எழுந்த கான்கிரீட் அடுக்குமாடிகளில் இன்றும் குடியிருப்பவர்களும், அவற்றை வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பல பதில்கள் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், கான்கிரீட்டில் கைவைப்பது அதற்கப்புறம்.

‘ஆரம்பகால உயர்மாடி’ என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, 1960 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன்பு பொது வீடுகளைக் கட்டியது 1927இல் அமைந்த, எஸ்ஐடி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அமைப்பு. அப்பர் பிக்கரிங் ஸ்திரீட்டில் 1952இல் அது கட்டிய ஒன்பது மாடிக் கட்டடங்களே அன்றைக்கு அண்ணாந்து பார்க்க வைத்தவை. 1956இல் குவீன்ஸ்டவுனில் ஃபார்ஃபார் ஹவுஸ் 14 மாடிகளோடு எழுந்தது. அக்கம்பக்கத்தார் அதன் பெயரைச் சொன்னதைவிட, ஹொக்கியனில் ‘பதினான்கு மாடி’ என்று பொருள்படும் ‘சாப் சி லாவ்’ என்றுதான் அதிகம் சொன்னார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. ஆனால் வீவக முதன்முதலாகக் கட்டி முடித்த ஸ்டெர்லிங் ரோடு 45, 48, 49 புளோக்குகள் (1960, ஏழு மாடி) இன்னும் நிற்கின்றன. 1963இன் செலிகி ஹவுஸும் நிற்கிறது. அதன் உயரமான பகுதி 20 மாடி.

தனியார் கட்டடங்களில் 1973இல் முடிந்த பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸையும், குதிரை லாட வடிவில் 38 மாடிகளோடு 1976இல் முடிந்த பேர்ல் பேங்க் குடியிருப்பையும் சொல்ல வேண்டும். பேர்ல் பேங்க் 2018இல் கூட்டாக விற்கப்பட்டு இடிக்கப்பட்டுவிட்டது. கீழே வரும் பதில்கள் முக்கியமாக வீவக வீடுகளுக்கானவை. கான்கிரீட் பற்றிச் சொல்வது மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அந்தக் காலத்துக் கட்டுமானம் இன்றையதிலிருந்து எப்படி வேறுபட்டது?

தூண், உத்தரம், தளம் மூன்றையும் அந்த இடத்திலேயே பலகை அடித்து வார்த்தார்கள். இடைவெளிகளைச் செங்கல்லால் நிரப்பினார்கள். ஆலையில் வார்த்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் முறை வீவகவில் பெரிய அளவில் வந்தது 1980களில்தான். கம்பி பெரும்பாலும் வழுவழுப்பான உருண்டைக் கம்பி. இன்றைய முறுக்குக் கம்பியைவிட வலிமை குறைவு, கான்கிரீட்டோடு பிடிப்பும் குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம். தொழிலில் இதைக் ‘கவர்’ என்பார்கள். அன்று பின்பற்றப்பட்ட பிரிட்டிஷ் விதிநூலான சிபி 114, தளங்களுக்கு அரை அங்குலம் (13 மி.மீ.), உத்தரங்களுக்கு ஓர் அங்குலம் (25 மி.மீ.) கவர் இருந்தால் போதும் என்றது. குளிர்நாட்டுக் கணக்கு அது. வேலைத்தளத்தில் கம்பிக்கடியில் வைத்த சிறு கட்டை நகர்ந்துவிட்டால் அந்த 13 மி.மீ. ஐந்தாறாகவும் குறைந்துவிடும். பழைய வீடுகளின் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இந்த அரை அங்குலம்தான்.

உட்கூரையில் கான்கிரீட் ஏன் உப்பிப் பெயர்கிறது?

புதுக் கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் இருக்கும்வரை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும், துரு பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே போய், அங்குள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து காரத்தைக் குறைக்கிறது. இதற்குப் பெயர்தான் கார்பனேற்றம். பி.எச். 9 அளவுக்கு இறங்கினால் காப்புப் படலம் போய்விடும். அதன்பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துருதான். துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் கீழேயுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது.

வாயு உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உதாரணமாக, 16 ஆண்டில் 12 மி.மீ. போயிருந்தால் 36 ஆண்டில் 18 மி.மீ., 64 ஆண்டில் 24 மி.மீ. இந்த வேகத்தில் 13 மி.மீ. கவர் உள்ள தளத்தில் கம்பியை எட்ட 19 ஆண்டுகூட ஆகாது, 25 மி.மீ. கவர் உள்ள உத்தரத்திலோ 69 ஆண்டு ஆகும். ஒரே வீட்டில் உத்தரம் கல்லாக நிற்க, பக்கத்திலேயே தளம் உதிர்வதற்கு இதுதான் காரணம்.

கூடத்தில் ஒன்றும் இல்லை. குளியலறையிலும் சமையலறையிலும் மட்டும் உதிர்கிறதே?

பார்க்கப்போனால் கூடத்தின் உட்கூரையில்தான் கார்பனேற்றம் வேகமாக நடந்திருக்கும். கரியமில வாயு பாதி காய்ந்த துளைகளில்தான் சுலபமாகப் போகும். ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு என்றால் அதற்குக் கொண்டாட்டம். ஆனால் காய்ந்த இடத்தில் துரு பிடிக்கத் தண்ணீர் கிடையாது. எனவே கூடத்துக் கம்பி காப்பை இழந்தும் சும்மா கிடக்கிறது.

குளியலறையில் ஆவி, மேல்வீட்டுக் கசிவு, நனைந்து காய்ந்து மறுபடி நனைதல் எல்லாம் உண்டு. கூடத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே குளிர்சாதனக் குழாயிலிருந்து நீர் சொட்டி உட்கூரை நனைந்தால், இருபது வருஷம் சும்மா கிடந்த கம்பி சில மாதங்களில் விழித்துக்கொள்ளும்.

கடற்கரை மணலால் கட்டியதால்தான் இப்படி ஆகிறது என்கிறார்களே?

உப்பு துருவை விரைவுபடுத்தும் என்பது உண்மை. ஆனால் வீட்டு உட்கூரையில் பரவலாகப் பெயரும் கான்கிரீட்டுக்குப் பெரும்பாலும் மேலே சொன்ன கார்பனேற்றமே காரணம். சந்தேகம் இருந்தால் துளையிட்டு எடுத்த தூளைச் சோதனைச்சாலையில் குளோரைடு அளவுக்குப் பார்க்கலாம். வித்தியாசம் முக்கியமானதுதான், ஏனென்றால் உப்பு ஊறிய கான்கிரீட்டில் வெறும் ஒட்டு வேலை நிலைக்காது.

விழுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மூன்று அடையாளங்கள் உண்டு: கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக ஒரு விரிசல், பழுப்பு நிறக் கறை, பெயிண்ட் வயிறுபோல் உப்பியிருத்தல். இவை தெரியாதபோதும் தட்டிப் பார்க்கலாம். துடைப்பக் கட்டையின் முனையோ சிறு சுத்தியலோ போதும். ஓரடி இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் ‘டிங்’கென்று கெட்டியாகச் சத்தம் தரும். உள்ளே பிரிந்திருந்தால் காலி டப்பாவைத் தட்டியதுபோல் ‘டொப்’பென்று கேட்கும். கேட்ட இடத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுதிவையுங்கள். தட்டும்போது கண்ணாடி அணியுங்கள், நேர் கீழே நிற்காதீர்கள்.

கார்பனேற்றம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்குப் பொறியாளர்கள் ஃபினால்ஃப்தலீன் கரைசலைப் பயன்படுத்துவார்கள். அப்போதுதான் உடைத்த முகத்தில், தூசியை ஊதிவிட்டுத் தெளிக்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறும் பகுதியில் காரம் இருக்கிறது. நிறம் மாறாத பகுதியில் போய்விட்டது. சிவப்பு எல்லை கம்பிக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

ஒரு துண்டு விழுந்துவிட்டது. உடனே என்ன செய்வது?

ஓரடிக்கு ஓரடி அளவில், 15 மி.மீ. கனமுள்ள ஒரு துண்டின் எடையே மூன்று கிலோவைத் தாண்டும். கட்டில், தொட்டில், சாப்பாட்டு மேசை எதுவும் அதன் கீழே இருக்கக்கூடாது. சுற்றிலும் தட்டிப் பார்த்து, ஆடிக்கொண்டிருக்கும் துண்டுகளைக் கவனமாக இறக்கிவிடுங்கள். தானாக விழும்வரை காத்திருப்பது நல்லதல்ல. பக்கத்தில் விளக்கோ விசிறியோ இருந்தால் மின்சுற்றை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு வீவக கிளை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கம்பி வெளியே தெரிவதால் கட்டடமே விழுந்துவிடும் என்று பதற வேண்டாம். அதற்காக மாதக்கணக்கில் விட்டுவைக்கவும் வேண்டாம்.

சரியாகச் செப்பனிடும் முறை என்ன?

சிறிய இடமாக இருந்தால் அனுபவமுள்ள குத்தகையாளர் போதும். பல கம்பிகள் வெளியே தெரிந்தாலோ, உத்தரத்திலோ தூணிலோ வந்தாலோ பொறியாளர் பார்த்தே ஆகவேண்டும். அப்போது கீழிருந்து முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கசிவு இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு தட்டிப் பார்த்துக் கோடு போட்ட எல்லைக்குச் சற்று வெளியே, கட்டரால் 5 முதல் 10 மி.மீ. ஆழத்துக்கு நேர்க்கோடாக வெட்ட வேண்டும். கம்பியை வெட்டிவிடாமல் இருக்க ஆழம் முக்கியம். இந்த நேர்விளிம்பு இல்லாமல் ஒட்டு ஓரத்தில் தோசை விளிம்புபோல் மெலிந்து முடிந்தால், அங்கேதான் முதலில் எழும்பும்.

உள்ளிருப்பதைக் கொத்தி எடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். கம்பியின் அடிப்பக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடக்கூடாது. கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. அளவுக்கு, ஒரு விரல் நுழைந்து சுற்றிவரும்படி, இடம் விட வேண்டும். நீளவாக்கில் துருப்பிடித்த பகுதி முடிந்து, துருவில்லாத கம்பி குறைந்தது 50 மி.மீ. தெரியும்வரை கொத்திக்கொண்டே போக வேண்டும்.

அடுத்து கம்பியைத் தேய்க்க வேண்டும். கம்பித் தூரிகையோ, அரைப்பானில் மாட்டும் கம்பிச் சக்கரமோ கொண்டு, முதுகுப் பக்கம் உட்படச் சுற்றிலும் உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். அப்புறம் வெர்னியர் அளவியால் விட்டத்தை அளக்க வேண்டும். 10 மி.மீ. கம்பி 9 மி.மீ. ஆகியிருந்தால் ‘ஒரு மில்லிமீட்டர்தானே’ என்று தோன்றும். குறுக்குப் பரப்பில் 19 விழுக்காடு போயிருக்கிறது. 6 மி.மீ. கம்பி 5 ஆகியிருந்தால் இழப்பு 31 விழுக்காடு. இந்த அளவுக்குப் போனால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பதே நல்லது. பழைய நல்ல கம்பியோடு அது எவ்வளவு நீளம் இணைந்து ஓட வேண்டும் என்பதைப் பொறியாளர் சொல்வார். விட்டத்தின் 40 மடங்கு என்பது வழக்கமான கணக்கு, அதாவது 10 மி.மீ. கம்பிக்கு 400 மி.மீ.

சுத்தம் செய்த அன்றே துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடியுங்கள். இந்த ஊர்க் காற்றில் ஓரிரவு விட்டால் மறுநாள் காலையில் கம்பியில் செம்மை படர்ந்திருக்கும். பூச்சு காய்ந்ததும் பழைய கான்கிரீட்டை நனைத்து ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். உள்ளே ஈரமும் மேலே மினுமினுப்பில்லாமலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழசு புதுசிடமிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். பிணைப்புப் பசையைத் தடவி, அது காயும் முன்பே பாலிமர் கலந்த செப்பனிடும் சாந்தைக் கையால் அழுத்தித் திணியுங்கள். கம்பிக்குப் பின்னால் காற்றுப்பை நிற்கக்கூடாது. தலைக்கு மேல் செய்யும் வேலை என்பதால் ஒரு தடவைக்கு 10 முதல் 20 மி.மீ. கனம் போதும். அதிகம் வைத்தால் சொந்த எடையில் தொங்கி, உள்ளே பிரிந்துவிடும். முந்தைய அடுக்கைக் கீறிவிட்டு அடுத்ததை வையுங்கள்.

அளவு: ஒரு சதுர மீட்டருக்கு 40 மி.மீ. ஆழம் என்றால் 40 லிட்டர் சாந்து. 25 கிலோ பை ஒன்றில் சுமார் 12 அல்லது 13 லிட்டர் கிடைக்கும். நான்கு பைகள் வாங்கிவைக்க வேண்டியிருக்கும்.

குறைந்தது மூன்று நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை மின்விசிறி வேண்டாம். கடைசியில் கரியமில வாயுவைத் தடுக்கும் வண்ணப்பூச்சு, செப்பனிட்ட இடத்துக்கு மட்டுமல்ல, அந்த அறையின் உட்கூரை முழுமைக்கும்.

செப்பனிட்டு இரண்டு வருஷம்தான். பக்கத்திலேயே மறுபடி பெயர்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றாமலும் இது நடக்கும். துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம், தான் கெட்டுப்போனாலும், பக்கத்துக் கம்பியைத் துருவிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. ஒரு மின்கலத்தின் நேர், எதிர் முனைகள் மாதிரி. கெட்ட இடத்தைக் காரம் நிறைந்த புதுச் சாந்தால் நிரப்பியதும், துருப்பிடிக்கும் வேலை ஒட்டின் ஓரத்துக்குத் தாவிவிடுகிறது. அதனால்தான் நல்ல கம்பி தெரியும்வரை கொத்தச் சொல்வதும், முழு உட்கூரைக்கும் வண்ணம் அடிக்கச் சொல்வதும்.

மற்றபடி, ஒட்டு முழுசாகக் கழன்று விழுந்தால் காரணம் வேறு. விழுந்த துண்டின் முதுகைப் பாருங்கள். வழவழப்பாக, கம்பியின் பாதி உருண்டைத் தடம் மட்டும் பதிந்திருந்தால், கம்பிக்குப் பின்னால் கொத்தவே இல்லை என்று பொருள். பழைய பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைச் சுரண்டாமலே பூசியிருக்கிறார்கள்.

உதிரும் இடத்தைப் பொய்க்கூரை போட்டு மறைக்கலாமா?

வேண்டாம். துரு நிற்காது, உங்களுக்குத் தெரியாமல் நடக்கும். விழும் துண்டு ஜிப்சம் பலகையின் மேல் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் இரண்டும் சேர்ந்து வரும்.

செலவு யாருடையது?

வீட்டுக்குள் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு. நடைபாதை, படிக்கட்டு, வெளிச்சுவர் போன்ற பொது இடங்கள் நகர மன்றத்தின் பொறுப்பு. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவிலுள்ள தளத்தில் கசிவு என்றால் இருவருக்கும் பங்கு உண்டு. வீவகவின் நல்லெண்ணச் செப்பனிடும் உதவியின்கீழ் பாதிச் செலவைக் கழகம் ஏற்கும்; மீதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஆளுக்கு 25 விழுக்காடாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ‘என் வீட்டில் ஒழுகவில்லையே, நான் ஏன் தர வேண்டும்’ என்று மேல்வீட்டுக்காரர் கேட்பது வழக்கம்தான். ஆனால் நீர்க்காப்பு தேய்ந்திருப்பது அவர் கால்படும் தரையில்.

1997 வரை கட்டப்பட்ட வீடுகள் இல்ல மேம்பாட்டுத் திட்டத்துக்குள் வரலாம். கான்கிரீட் செப்பனிடல், பழைய கழிவுநீர்க் குழாய்களை மாற்றுதல், மின்சுமையைக் கூட்டுதல் ஆகியவை அதில் அத்தியாவசியப் பணிகள். குடிமக்களுக்கு அவற்றின் செலவை அரசாங்கமே முழுமையாக ஏற்கிறது. குளியலறை புதுப்பித்தல், முன்கதவு, இரும்புக் கதவு ஆகியவை விருப்பத்துக்கு உட்பட்டவை. வீட்டு வகையைப் பொறுத்து ஒரு சிறு பங்கு கட்ட வேண்டும். புளோக்கில் தகுதிபெற்ற குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காடு ஆதரித்து வாக்களித்தால்தான் வேலை தொடங்கும். உங்கள் புளோக்குக்கு அறிவிப்பு வந்துவிட்டால், சொந்தச் செலவில் குளியலறையை இடிப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

மேலேயிருந்து ஒழுகுகிறது. தரையா, குழாயா என்று எப்படிப் பிரித்தறிவது?

ஒழுகும் நேரத்தைக் கவனியுங்கள். மேலே யாரும் இல்லாத நாளிலும் விடாமல் சொட்டினால் அழுத்தமுள்ள நன்னீர்க் குழாய் மீது சந்தேகம். மேல்வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால், முள் நகர்கிறதா என்பதிலேயே பாதி விடை. அவர்கள் குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தரையோ கழிவுக் குழாயோ. கழிவுக் குழாய்க்கு, வாளித் தண்ணீரில் உணவு நிறமியைக் கலந்து நேராக வடிகாலுக்குள் ஊற்றிப் பாருங்கள்.

தரைக்கு நீர்தேக்கும் சோதனை. வடிகால் வாயைத் துணியாலோ ரப்பர் அடைப்பாலோ இறுக அடைத்து, 25 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விட வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் குளியலறைக்கு 47 லிட்டர் போதும். ஆவியாவதால் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கலாம். அதற்குமேல் இறங்கி, கீழே ஈரமும் புதிதாகத் தோன்றினால் முடிவு தெளிவு. அடைப்பு சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் வடிகாலிலேயே போய்விடும். சோதனை வீண், சண்டை மிச்சம்.

குளியலறையைக் கொத்திப் புதிதாகப் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வீவகவின் அனுமதியும், அதன் பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளரும் வேண்டும். சுவர் இடிப்பது, டைல் கொத்துவது போன்ற இரைச்சலான வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே. சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடாது.

டைலையும் அடியிலுள்ள சாந்துப் படுகையையும் எடுத்துத் தளம் தெரிந்ததும், ஓட்டை உடைசல்களை அடைத்து மூலைகளை வளைவாகப் பூசுங்கள். நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. சுவரில் குறைந்தது 150 மி.மீ. ஏற வேண்டும், குளிக்கும் இடத்தில் தலை உயரம்வரை போவது நல்லது. வாசற்படித் திண்டின் மேலும் ஏறி இறங்கட்டும். தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: வடிகால் குழாயின் கழுத்தைச் சுற்றியும், தண்ணீர்க் குழாய் தரையைத் துளைக்கும் இடத்திலும். அங்கே வலைத்துணி வைத்துப் பூச வேண்டும், வடிகாலில் பூச்சைக் குழாய்க்குள்ளேயே இறக்கிவிட வேண்டும். காய்ந்த பிறகு, டைல் ஒட்டுவதற்கு *முன்* 24 மணி நேர நீர்தேக்கும் சோதனை. ‘ஒட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வடிகாலை நோக்கி மீட்டருக்கு 10 மி.மீ. சரிவாவது இருக்கட்டும்.

கொத்தாமல் கீழிருந்தே ஊசிபோட்டு அடைக்கிறோம் என்கிறார்களே?

பாலியூரித்தேன் ஊசி ஒரு குறிப்பிட்ட விரிசல் வழியே வரும் நீரை நிறுத்தும். மேலே நீர்க்காப்பு முழுவதும் தேய்ந்திருந்தால் தண்ணீர் தளத்துக்குள்ளேயே தேங்கி, வேறு இடம் தேடி வரும். அதுவரை கம்பி ஈரத்திலேயே கிடக்கும். அவசரத்துக்குச் சரி, தீர்வாகாது.

எந்த விரிசலுக்குப் பயப்பட வேண்டும்?

செங்கல் சுவரும் உத்தரமும் சேரும் கோட்டில் மயிரிழையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் பூச்சின் பிரச்சினை. வெயிலுக்கு இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. உத்தரத்தின் முனையில் சாய்வாக ஓடுவது, நடுவில் அடிப்பக்கத்திலிருந்து மேலேறுவது, தூணில் நெடுக்காகப் பிளப்பது, கதவுகள் திடீரென்று இறுகுவதோடு சேர்ந்து வருவது: இவற்றுக்குக் காத்திருக்கக்கூடாது, உடனே வீவகவுக்குச் சொல்லுங்கள். அகலம் 0.3 மி.மீ.க்கு மேல் போனால் கவனம் தேவை. வளர்கிறதா என்று பார்க்க, விரிசலின் இரு முனைகளிலும் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்; மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

பெரிய மீன்தொட்டி வைக்கலாமா? டைலுக்கு மேலேயே டைல் ஒட்டலாமா?

வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குக் கணக்கிடுவது வழக்கம். நான்கடி நீளம், ஒன்றரையடி அகலமுள்ள தொட்டியில் அரை மீட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் சுமார் 280 கிலோ. அது நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 500 கிலோ. அறை முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும்போது சமாளிக்கும் சுமைதான், ஆனால் தளத்தின் நடுவில் வேண்டாம். உத்தரத்துக்கு மேலோ, அதை ஒட்டிய சுவரோரமோ வையுங்கள்.

டைலும் சாந்துப் படுகையும் சேர்ந்து 50 மி.மீ.யைத் தாண்டக்கூடாது என்பது வீவக விதி. 50 மி.மீ. என்பதே சதுர மீட்டருக்குச் சுமார் 110 கிலோ. மீன்தொட்டி ஒரு மூலையில் நிற்கும். இந்தச் சுமையோ வீடு முழுவதும், நிரந்தரமாக. முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே ஒருமுறை டைல் மேல் டைல் ஒட்டியிருக்கலாம். வாசற்படிக்கும் நடைபாதைக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சமையலறைச் சுவரை எடுத்துவிடலாமா?

அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக்கூடாது. செங்கல் தடுப்புச் சுவருக்கு அனுமதி கிடைக்கலாம். கான்கிரீட் சுவரென்றால் நிபுணத்துவப் பொறியாளர் தேவை. தூண், உத்தரம் பக்கம் போகவே வேண்டாம்.

பின்பக்கச் சுவரில் துணிக்கம்பு செருகும் குழாய்களைச் சுற்றி வெடிப்பு. அது சாதாரணமா?

சாதாரணம்தான், ஆனால் விடக்கூடாது. வெளியே நீட்டிய அந்த இரும்புக் குழாய்களுக்குள் மழைநீர் நின்று, அவை உள்ளிருந்து துருப்பிடித்து, பதிந்திருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கின்றன. அதுவும் கீழே ஆள் நடமாடும் இடத்துக்கு நேர் மேலே. பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுத் தெரிவியுங்கள். இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் இக்குழாய்களை எடுத்துவிட்டுத் துணி உலர்த்தும் கம்பிச் சட்டம் பொருத்துவதும் உண்டு.

சில புளோக்குகளில் மின்தூக்கி ஏன் எல்லா மாடியிலும் நிற்பதில்லை?

செலவைக் குறைக்க, சில மாடிகளுக்கு ஒருமுறை மட்டும் நிற்கும்படி கட்டினார்கள். மற்றவர்கள் படியேறியோ இறங்கியோ போக வேண்டும். 1990க்கு முந்தைய புளோக்குகளில் இதை மாற்ற 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. கட்டடத்துக்கு வெளியே புதிதாக ஒட்டிவைத்ததுபோல் நிற்கும் மின்தூக்கிக் கோபுரங்கள் அதன் விளைவு. பழைய கட்டடமும் புதுக் கோபுரமும் சேரும் இணைப்பில் கோடுபோல் தெரியும் இடைவெளி விரிசல் அல்ல. இரண்டும் தனித்தனியே அசையட்டும் என்று வேண்டுமென்றே விட்டது.

இந்தக் கட்டடங்களை யாராவது முறையாகச் சோதிக்கிறார்களா?

ஆம், சட்டப்படி. 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து 33 பேர் இறந்தனர். 1971இல் கட்டப்பட்ட அதன் வடிவமைப்பில் கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதன்பிறகு வந்த 1989ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியிருப்புக் கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் ஆய்வு செய்ய வேண்டும். 2022 முதல் 20 ஆண்டைத் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களின் வெளிமுகப்பையும் ஏழாண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். ஆய்வாளர் வீட்டுக்குள் பார்க்க வந்தால் அலமாரியை நகர்த்திக் காட்டுங்கள். மறைந்த இடத்தில்தான் பார்க்க வேண்டியது இருக்கும்.

பழைய வீடு வாங்கப் போகிறோம். பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

மழை பெய்த மறுநாள் போங்கள். புதுப் பெயிண்ட் வாசனை குளியலறை உட்கூரையில் மட்டும் வந்தால் ஏன் என்று கேளுங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பார்த்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத ஒட்டுகளும் உப்பல்களும் நிழல் விழுந்து தெரியும். பொய்க்கூரை இருந்தால் விளக்குத் துளை வழியே கைப்பேசியை நுழைத்து உள்ளே ஒரு படம் எடுக்கச் சம்மதம் கேளுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கடைசியாக மேல்வீட்டுக் கதவைத் தட்டி, குளியலறை எப்போது புதுப்பித்தது என்று கேட்டுவிட்டு, கீழ்வீட்டிலும் ‘எங்கள் பக்கமிருந்து உங்களுக்கு ஒழுகுகிறதா’ என்று கேளுங்கள்.